காதுக்காரர் கடை – 14: திரும்பி வந்த ஏழாவது காசு

பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றதோடு போன வாரம் காதுக்காரரின் மகள் பெரியவளை விட்டுவிட்டுப் போய்விட்டோம். ஏழு நாளாக அவளை அப்படியே நிற்க வைத்த பாவம் நம்மைச் சும்மா விடாது. ஷட்டரை முழுசாகத் தூக்கிவிடுவோம்.

செருப்புக்குச் சொந்தக்காரர் பல் டாக்டர். அடுத்த தெருவில் முப்பது வருடமாகப் பல் பிடுங்குகிறார். இந்தக் கடையில் இருபது வருடமாகப் பழைய நாணயம் வாங்குகிறார். கையில் ஒரு சின்னக் காகித உறை வைத்திருந்தார்.

உறையைப் பார்த்ததுமே அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. தூரத்திலிருந்தே தெரிகிற அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. எடை, தேதி, கடைசி வரியாக 'ஓசை சரி'.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. கடைவீதியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'காதுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். வெள்ளி நாணயத்தைப் பளிங்குக் கல்லில் போடுவார். எழும் சத்தத்தைக் கேட்டே நல்லதா போலியா என்று சொல்லிவிடுவார். பூதக்கண்ணாடி, தண்ணீரில் எடை போடுவது எல்லாம் அவருக்கு இளக்காரம். "கண்ணு மேலே மேலேதான் பாக்கும். காதுதான் உள்ளே போகும்" என்பார்.

அந்தக் காதை நம்பித்தான் சுவரில் ஒரு பலகையும் மாட்டியிருந்தார். 'இங்கே வாங்கியது போலி என்று தெரிந்தால் எத்தனை வருடம் ஆனாலும் கொண்டு வாருங்கள். கேள்வி கேட்காமல் திரும்ப வாங்கிக்கொள்வோம்.'

அப்படி வந்தால் கொடுத்த விலையைத் திருப்பிக் கொடுப்பதோடு முடியாது. உலோகம் வெட்டுகிற கத்தரியை எடுத்து, வந்தவர் கண்ணெதிரிலேயே போலியை இரண்டாக வெட்டுவார். ஒரு பாதி அவருக்கு, ஒரு பாதி கடைக்கு. முழுசாக இருந்தால் அது இன்னொருவரை ஏமாற்றப் போய்விடுமாம். நாற்பது வருடத்தில் இரண்டே முறைதான் அந்தக் கத்தரிக்கு வேலை வந்தது.

அவர் செத்த பிறகு, இந்த ஐந்து வாரத்தில், ஆறு முறை வந்துவிட்டது. ஆறு உறையிலும் அவர் கையெழுத்து, ஆறிலும் 'ஓசை சரி'. அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் பெரியவளுக்குத் தோன்றியது. அதுவும் நல்லபடியாக வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, மாடியில் அப்பாவின் அறையிலிருந்து நாணயம் விழுகிற சத்தம் கேட்கிறது. அப்பா உயிரோடு இருந்தபோது சோதனை போடுகிற அதே நேரம். நாற்பத்திரண்டு வயதில் பேய்க்குப் பயப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

"உட்காருங்க டாக்டர்."

"உட்கார வரலைம்மா." அவர் உறையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "நீயே போட்டுப் பாரு."

உள்ளே இருந்தது பாய்மரக் கப்பல் முத்திரை போட்ட வெள்ளிக் காசு. தராசில் வைத்தாள். உறையில் எழுதியிருந்தபடியே பதினொன்று புள்ளி ஆறு கிராம், துளி பிசகில்லை. மேசை ஓரத்துப் பளிங்குத் துண்டில் போட்டாள்.

டொக்.

மரக்கதவைத் தட்டினது மாதிரி இருந்தது. நல்ல வெள்ளி பாடும், பாடி முடிய நேரம் பிடிக்கும். இது வாயைத் திறந்து உடனே மூடிக்கொண்டது. இதைப் போலி என்று சொல்லக் காதுக்காரர் வேண்டியதில்லை, காது இருந்தால் போதும்.

பெரியவள் கத்தரியை எடுத்தாள்.

"வெட்டாதே," என்றார் டாக்டர். "உங்க பலகையில கேள்வி கேட்க மாட்டோம்னு போட்டிருக்கு. சந்தோஷம். ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

"கேளுங்க."

"உங்க அப்பா இதைத் தெரிஞ்சு கொடுத்தாரா, தெரியாம கொடுத்தாரா?"

பெரியவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"பணம் போனா போகட்டும். இருபது வருஷமா அவர் கொடுத்ததை உறையைக்கூடப் பிரிக்காம பெட்டியில வெச்சிருக்கேன். என் பெண்டாட்டி சிரிப்பா. அவர் ஒரு தடவை கேட்டுட்டாருன்னா போதும்னு அவகிட்ட சொல்லுவேன். ஊர்ல பேசிக்கிறதைக் கேட்டுத்தான் இந்த ஒண்ணை மட்டும் பிரிச்சுப் போட்டுப் பாத்தேன். நான் முட்டாளா இல்லையான்னு தெரிஞ்சா தேவலை. நீ சொன்னா நம்புவேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளினிக்கை மூடிட்டு வர்றேன். பெட்டியோட வர்றேன்."

அவர் போன பிறகும் பெரியவள் நின்றுகொண்டே இருந்தாள். கேள்வி என்னவோ அவருடையதுதான். ஐந்து வாரமாக ராத்தூக்கம் கெட்டது அவளுக்கு.

*

சின்னவன் வரும்போது பதினொன்றரை. அவள் தம்பி, வயது முப்பத்தாறு. இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான பிறகும் வீட்டில் சின்னவன்தான். ஊர் ஊராகப் போய், வீடுகளில் கிடக்கும் பழைய நாணயங்களை வாங்கி வருவது அவன் வேலை. வந்ததைச் சோதித்து உறை போட்டு விற்றது அப்பா. அப்பா போன பிறகு பெரியவள்.

அவன் கக்கத்தில் ஒரு ஏணி, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அறிவிப்பு.

"இது என்னடா?"

"படிச்சுப் பாரு."

படித்தாள். திருப்பித் தருவதானால் பதினான்கு நாட்களுக்குள். ரசீது அவசியம். உறை பிரிக்கப்பட்டிருக்கக் கூடாது. வெளியாரிடம் வாங்கிய சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்.

"உறையைப் பிரிக்காம உள்ளே இருக்கிறது போலின்னு எப்படிடா சான்றிதழ் வாங்குவான்?"

"அதுதானே அக்கா விஷயமே." சின்னவன் ஏணியைச் சுவரில் சாத்தினான். "எதிர்க் கடையில ஏழு நாள். ஏலம் விடுறவங்க முப்பது நாள். நாம மட்டும்தான் செத்த பிறகும் வாங்கிட்டிருக்கோம்."

"யாரு செத்த பிறகு?"

"வித்தவர் செத்த பிறகு, வாங்கினவர் செத்த பிறகு. எல்லாரும் போயாச்சு, அந்தப் பலகை மட்டும் சாக மாட்டேங்குது."

வேறொரு நாளாக இருந்தால் பெரியவள் சிரித்திருப்பாள். அவன் பேச்சுக்குச் சிரிக்காதவர்கள் இந்த வீட்டில் கிடையாது.

"டாக்டர் வந்துட்டுப் போனார்," என்றாள். "ஏழாவது."

சின்னவன் ஏணியில் இரண்டு படி ஏறியிருந்தான். அங்கேயே நின்றான்.

"என்ன சொன்னார்?"

"அப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டார்." இழுப்பறையிலிருந்து ஏழு உறைகளையும் எடுத்து வரிசையாகப் பரப்பினாள். "பாரு, எல்லாத் தேதியும் கடைசி நாலு வருஷம். அதுக்கு முன்னாடி வித்தது ஒண்ணுகூட வரலை. நாலு வருஷத்துக்கு முன்னாடி என்னதான் ஆச்சு அவருக்கு?"

"யானைக்கும் அடி சறுக்கும்."

"ஏழு தடவையா?"

சின்னவன் இறங்கி வந்தான். உறைகளைப் பார்க்காமல், பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல, தெருவைப் பார்த்தபடி பேசினான். "அந்தச் சமயம் கடை படுத்துக் கிடந்ததுக்கா. நீ வேற விட்டுட்டுப் போயிருந்தே. அவருக்குத் தெரியாம இருக்குமா? அவர் காது எப்படிப்பட்ட காதுன்னு ஊருக்கே தெரியும்."

"அவர் முன்னாடி நின்னு இதைச் சொல்லியிருப்பியாடா?"

"சொல்லியிருப்பேன்," என்றான் சின்னவன். லேசாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு ஏன் தன்னை இப்படிக் குத்துகிறது என்று பெரியவளுக்குப் புரியவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அவன் அறிவிப்பை மேசைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, அஞ்சு மணிக்கு நானும் வர்றேன், நீ தனியா மாட்டிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எதிர்க் கடைக்காரர் அடிக்கடி சொல்வார்.

*

இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கினாள். கடைக்குள் இருட்டும் பழைய காகித வாசனையும் சூழ்ந்துகொண்டன. கடைக்குப் பின்பக்கம்தான் வீட்டுக்குப் போகும் மாடிப்படி. பதினேழு படிகள்.

ஆறாவது படியில் கேட்டது.

டிங்... இழுத்துக்கொண்டே போய்ச் சுவரில் கரைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டொக்.

பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி டிங், மறுபடி டொக். அப்பா இரண்டு நாணயங்களைத் தராதரம் பார்க்கும்போது இப்படித்தான் மாற்றி மாற்றிப் போடுவார். நல்லதையும் சந்தேகமானதையும். அவசரப்படவே மாட்டார்.

கீழே ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஓடி எங்கே போவது? அவர் வருகிற இடமே கடைதான்.

ஏறினாள். அப்பாவின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

மேசைமேல் பளிங்குக் கல். அப்பாவின் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே இன்னொரு நாற்காலியில், கூடை நிறையத் துவைத்த துணி. எல்லாம் அப்பாவின் சட்டைகள்.

"அம்மா."

அம்மா திடுக்கிடவில்லை. "ரெண்டு மணியாச்சுல்ல," என்றாள்.

"தினமும் நீதானா? எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு நினைச்சேன்."

"கீழே வரைக்கும் கேக்குதா?" அம்மா கவலைப்பட்டவள் போலக் கேட்டாள். பிறகு கையிலிருந்த நாணயத்தைத் தூக்கிக் காட்டினாள். "விக்காமப் போன பெட்டியில கிடந்தது. இதோ, இது பாடுது. இது பாடலை. எட்டு மாசமா போட்டுப் பாக்குறேன். ஒரு நாளாவது மாத்திக் கேக்காதான்னு. மாட்டேங்குது. எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"உனக்குக் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? சோதனை போட்டது அப்பாதானே."

அம்மா இரண்டு நாணயங்களையும் கல்லின்மேல் வைத்தாள்.

"அவருக்குக் காது கேக்கலைடி," என்றாள். "நாலு வருஷமா."

தெருவில் ஏதோ வண்டி போனது. அது போய் முடிகிறவரை பெரியவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"முதல்ல மெல்லிசு சத்தமெல்லாம் போச்சு. காசுச் சத்தம் அதுல சேத்தி. அப்புறம் ஒவ்வொண்ணாப் போச்சு. யாருகிட்டயும் சொல்லலை, என்கிட்டயும் சொல்லலை. உதட்டைப் பாத்துப் பேச்சைச் சமாளிச்சார். சமாளிக்க முடியாதப்போ கோபப்பட்டார். அவருக்குத்தான் மூக்குக்கு மேல கோபம் வருமே, யாரும் சந்தேகப்படலை."

பெரியவள் மெல்ல வந்து துணிக்கூடையை இறக்கிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், உங்க காதை நம்பிக் கடை நடத்துற காலம் போயாச்சு, மெஷின் வாங்குங்க என்று அப்பாவோடு சண்டை போட்டு, ஒரு ஏலக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். இரண்டு வருடத்தில் திரும்பி வந்தாள். வந்த அன்றைக்கு அப்பா கடையில் தராசுப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. முதுகைப் பார்த்துச் சொன்னாள். 'தப்பு என் மேலதாம்பா. மன்னிச்சிடுங்க.'

அவர் திரும்பவே இல்லை. எடையைக் குறித்துவிட்டு அடுத்த நாணயத்தை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அவர்கள் பேச்சு துண்டுக் காகிதத்தில்தான் நடந்தது. அவளோடு பேசப் பிடிக்காமல் எழுதுகிறார் என்று நினைத்தாள். அவளும் எழுதியே பதில் சொன்னாள். வீம்புக்கு அவள் ஒன்றும் குறைந்தவள் இல்லை.

"நான் திரும்பி வந்த அன்னைக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்மா."

"அப்படியா? சொல்லவே இல்லையே அவர். 'வந்துட்டா, ஒரு வார்த்தை பேசலை'ன்னுதான் சொன்னார். ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தார்." அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "பின்னாடி நின்னு கேட்டியா?"

பெரியவள் தலையை ஆட்டினாள்.

"முன்னாடி வந்து கேட்டிருக்கக் கூடாதா," என்றாள் அம்மா.

தன்னை மன்னிக்காத மனிதரோடு இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்ததாகத்தான் இதுவரை நினைத்திருந்தாள். அவரோ, மன்னிப்பே கேட்காத மகளோடு வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார். சாவு வீட்டில்கூட அழாதவள், கூடையிலிருந்து கைக்குக் கிடைத்த சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அம்மா அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "காது கேக்காம எப்படிம்மா சோதனை போட்டார்? நாலு வருஷத்துல எத்தனை நூறு காசு வித்தார். அத்தனையும் போலி இல்லையே."

அம்மா அதற்குப் பதிலாக ஒரு சட்டையை எடுத்து மடித்துக் காட்டினாள்.

"அவர் காசு போடும்போது நான் எதிர்ல உட்காந்து துணி மடிப்பேன். சத்தம் நல்லா இருந்தா கை பாட்டுக்கு மடிச்சிட்டே இருக்கும். சத்தம் சரியில்லைன்னா என்னையறியாம கை நின்னுடும். ஒருநாள் பாத்தா அவர் கல்லைப் பாக்கலை, என் கையைப் பாத்துட்டிருக்கார். அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சதா நான் காட்டிக்கலை. மறுநாளும் துணி எடுத்துட்டு வந்து உட்காந்தேன். மடிச்ச துணியைக் கலைச்சு மறுபடி மடிப்பேன்."

"ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையா?"

"பேசினா அவருக்குக் காது கேக்கலைன்னு ஆயிடுமே."

பெரியவளுக்கு எல்லாம் விளங்கிய மாதிரி இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்போ இந்த ஏழு காசு கல்லுல விழுந்தப்போ உன் கை ஏம்மா நிக்கலை?"

அம்மா மடித்த சட்டையை உதறிக் கலைத்தாள்.

"நிறுத்தலை," என்றாள். "நிக்கத்தான் பாத்துச்சு, நான்தான் நிக்க விடலை. சின்னவன் கதவோரம் நிப்பான். அவன் கொண்டு வந்த காசு. பிள்ளை வெயில்ல ஊர் ஊரா அலைஞ்சு, எவன்கிட்டயோ ஏமாந்து வாங்கிட்டு வந்து நிக்குது. அப்பாவுக்குத் தெரிஞ்சா அந்த இடத்துலயே தோலை உரிச்சுடுவார். ஒரே ஒரு தடவைதானேன்னு மடிச்சேன். அப்புறம் இன்னொரு தடவை."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள். காக்கை காதையும் பொத்திக்கொள்ளும்.

"அவனுக்குத் தெரியாதாம்மா?"

"அவனுக்கு என்னடி தெரியும்? வாங்கிட்டு வர்றவன்தானே. சோதனை போடுறது அவன் வேலையா?" அம்மா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன. "டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போறே?"

"கேட்டியா நீ?"

"மாடிப்படியில நின்னேன். காது கேக்கலைன்னு மட்டும் சொல்லிடாதே."

"சொல்லலைன்னா அப்பா தெரிஞ்சே ஏமாத்தினார்னு ஆகும்மா. திருடன்னு சொல்வாங்க."

"திருடன்னா ரெண்டு மாசம் பேசுவாங்க. செவிடுன்னு தெரிஞ்சா நாப்பது வருஷமா அவர் சொன்ன ஒவ்வொண்ணையும் எடுத்து வெச்சுச் சந்தேகப்படுவாங்க. உசிர் போற வரைக்கும் அவர் அதை மறைச்சார். ஆஸ்பத்திரியில கடைசி நாள்கூட, நர்ஸ் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினார். அதை நீ அவிழ்க்காதே."

பெரியவள் கையை விடுவித்துக்கொண்டாள். அம்மா சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை வதைத்தது.

*

ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சின்னவன் வந்து மேசை ஓரம் சாய்ந்து நின்றான். சொன்னபடி ஐந்துக்கு டாக்டர் வந்தார். கையில் ஒரு தட்டைப் பெட்டி. மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக உறைகள். நாற்பது இருக்கும். பெரியவள் போனில் கேட்டிருந்தபடி எல்லாமே கடைசி நாலு வருடத்தில் வாங்கியது, எல்லாமே அந்தச் சாய்ந்த கையெழுத்து. அத்தனை 'ஓசை சரி'யை ஒரே இடத்தில் பார்த்ததும் பெரியவளுக்கு, யாரோ எதிரே நின்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது போல இருந்தது.

"சொல்லும்மா," என்றார் டாக்டர்.

"சார், புது விதிமுறை ஒட்டியிருக்கோம், ஒரு தடவை படிச்சுட்டீங்கன்னா—" என்று சின்னவன் ஆரம்பித்தான்.

"அவளைக் கேட்டேன் தம்பி."

பெரியவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அப்பா நிற்கிற இடம், தராசுப் பக்கம். அவர் அங்கேதான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்று சத்தியம் செய்திருப்பாள். இந்தத் தடவை முன்னால் போய்ச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. உங்க ரகசியத்தை உடைக்கப் போறேன்பா, உங்க பேருக்காகத்தான் உடைக்கிறேன்.

"அவருக்குத் தெரியாது டாக்டர்," என்றாள். "அவருக்கு நாலு வருஷமா காது கேக்காது."

சின்னவன் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். டாக்டர் பெட்டி மூடியைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"கடைசி ரெண்டு மூணு வருஷம் பல் காட்ட வருவார்," என்றார் மெதுவாக. "முகமூடி போட்டுட்டு நான் என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார். ஊசிக்குப் பயப்படுறார்னு நினைச்சேன். எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன், அதுவும் கேட்டிருக்காது." அவர் முகத்தில் நிம்மதியும் துக்கமும் சேர்ந்து வந்தன. "அப்போ யாரும்மா கேட்டுச் சொன்னது?"

"நான்தான்."

மாடிப்படிக் கதவில் அம்மா நின்றிருந்தாள். எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் கடைக்குள் கால் வைக்கிறாள். மகளைப் பார்க்காமல் நேரே மேசைக்கு வந்தாள்.

"எல்லாம் சரியாத்தான் கேட்டேன் டாக்டர். சரியாச் சொல்லத்தான் இல்லை. அவர் பேர்ல பழி வேண்டாம்."

"அம்மா, நீ மேலே போ," என்றான் சின்னவன்.

அவள் போகவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் முதல் உறையைப் பிரித்தார். "அப்படின்னா இப்போ சொல்லுங்க," என்று நாணயத்தைப் பளிங்கில் போட்டார்.

அது பாடியது. இரண்டாவதும் பாடியது. கடை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்து வடிந்தது. மூன்றாவதைப் போட்டார்.

டொக்.

மடிப்பதற்கு அம்மா கையில் இன்றைக்குத் துணி இல்லை. நாணயத்தை விட்டுவிட்டு மகனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "போலி," என்றாள்.

நான்காவது நல்லது. ஐந்தாவது நல்லது. ஆறாவதுக்கு டாக்டர் உறையைப் பிரிக்கும்போது சின்னவன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.

"விடுங்க. இப்படி ஒவ்வொண்ணா போட்டா விடிஞ்சுடும்."

உறைகளைச் சரசரவென்று பிரித்து, நாணயங்களைக் கண்ணாடிமேல் கொட்டிப் பரப்பினான். எல்லாம் ஒரே கப்பல், ஒரே கறுத்த வெள்ளி. கல்லில் போடவில்லை. தராசில் வைக்கவில்லை. பூதக்கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. விரல் நேராகப் போய் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தது. இன்னொன்றை எடுத்தது. நடுவில் ஒன்றைத் தொட்டு, இல்லை என்று விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தது.

தனியே ஒதுக்கியதிலிருந்து ஒன்றை எடுத்துப் பெரியவள் பளிங்கில் போட்டாள். டொக். இன்னொன்று. டொக். மிச்சக் குவியலிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டாள். அது பாடியது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மனிதர் போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாந்து வாங்கி வந்த பிள்ளைக்கு எது போலி என்று இத்தனை நன்றாகத் தெரியாது. நாலு வருடம் யாருக்காகத் துணி மடித்தாளோ, அவனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"அவருக்குக் காது கேக்காதுன்னு உனக்கு எப்போடா தெரியும்?" என்றாள்.

சின்னவன் ஒன்பதாவது நாணயத்தை மற்ற எட்டோடு சேர்த்து வைத்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்மா."